கோபுரத்தில் தொங்கிய முறையீடு: '2.0' திரைப்படம் பற்றி ஒரு மறுமதிப்பீடு

ஆரவாரம் அடங்கிய பின்னர் ஒரு படைப்பை மீண்டும் எடுத்து நோக்குவது விமர்சனத்தின் கடமைகளுள் ஒன்று. படம் வெளியாகும் நாளில் அதனைச் சுற்றி எழும் விளம்பரப் புழுதியில் அதன் உண்மை உருவம் தெரிவதில்லை. புகழ்வோரும் இகழ்வோரும் பெரும்பாலும் விளம்பரத்துக்கே மறுமொழி கூறுகின்றனர். சில ஆண்டுகள் கழிந்த பின், நட்சத்திர நடிகரின் பெயருக்கும் செலவான கோடிகளுக்கும் அப்பால் நின்று, இப்படைப்பு எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாது விடுகிறது, எவருடைய பக்கத்தில் நிற்கிறது என்ற கேள்விகளை எழுப்ப முடிகிறது. சங்கர் இயக்கி, ரஜினிகாந்தும் அக்சய் குமாரும் நடித்து, 2018 நவம்பர் 29ஆம் நாள் வெளிவந்த '2.0' என்ற படத்தை அண்மையில் இரண்டாம் முறை பார்த்தபோது இக்கேள்விகளே எம்முன் நின்றன. வன்னியிலிருந்து இப்படத்தைப் பார்ப்பவருக்கு அவற்றைக் கேட்கத் தனியான காரணங்களும் உள்ளன. அவற்றைப் பின்னர் கூறுவோம்.

முதலிற் குறைகள். முதன்முறை பார்த்தபோது கண்ட குறைகள் இன்றும் குறைகளாகவே உள்ளன. கதை மெலிந்தது. மாந்தர் வளர்வதில்லை. விஞ்ஞானி வசீகரன் முதற்காட்சியில் எப்படி நின்றாரோ இறுதிக் காட்சியிலும் அப்படியே நிற்கிறார். அவருடைய காதலி சனா தொலைபேசியில் ஒலிக்கும் குரலாக மட்டும் சுருங்கிவிட்டாள். படத்திற் கண்ணுக்குத் தெரியும் ஒரேயொரு முக்கியப் பெண் நிலா என்னும் இயந்திரப் பெண். அவளும் ஆடவர் இட்ட பணியை முகம் கோணாது செய்யவே படைக்கப்பட்டவள். பெண்ணை யந்திரமாக்கினால் மட்டுமே அவளுக்குக் கதையில் இடமுண்டு என்ற நிலை தமிழ்ச் சினிமாவுக்குப் பெருமை தருவதன்று. 'எந்திரன்' படத்து வில்லனின் மகனைக் கொண்டுவந்தது பழைய பகையைத் தூசிதட்டி எடுத்த சோம்பலன்றி வேறில்லை. பிற்பாதி முழுவதும் உலோகம் உலோகத்தோடு மோதும் ஓசையே நிறைந்திருக்கிறது. மோதலின் முடிவு எதுவென்று யாவருக்கும் தெரியுமாதலின், அவ்வோசையில் அச்சமும் இல்லை, ஆவலும் இல்லை.

தொடர்படம் என்ற வகையிலும் இது முன்னதிலும் தாழ்ந்தது. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 'எந்திரன்' குறைகள் மலிந்த படமேயாயினும் அதனுள் ஓர் உண்மையான கேள்வி இருந்தது. போர்முனைக்கென்று ஒருவன் இயந்திர மனிதனைப் படைக்கிறான். அதற்கு உணர்ச்சி ஊட்டுகிறான். உணர்ச்சி பெற்ற இயந்திரம் கட்டளைக்கு அடங்க மறுக்கிறது. அப்போது குற்றவாளி யார்? இக்கேள்விக்கு அப்படம் நேர்மையாக விடை தேடியது என்று கூறமாட்டோம். எனினும் அதன் முடிவிலே, அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட சிட்டியிடம் ஒரு சிறுமி, உன்னை ஏன் கழற்றிவிட்டார்கள் என்று வினவ, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்ற பொருளில் அது விடையளிக்கும் காட்சி எளிதில் மறக்கத்தக்கதன்று. சிந்தித்ததற்காகக் கழற்றப்பட்ட அதே இயந்திரம் '2.0' படத்தில் மீண்டும் பொருத்தப்படுகிறது. இம்முறை அது சிந்திப்பதில்லை. அடிக்கிறது, சுடுகிறது, பலவாகப் பெருகுகிறது. அரசு அழைத்ததும் வந்து நிற்கும் ஆயுதமாகிவிட்டது. முதற்படத்தின் கேள்வி இரண்டாம் படத்தில் எடுத்துக்கொள்ளப்படவே இல்லை.

இவ்வளவும் கூறியபின் இப்படத்தை மறுபடியும் பேசுவானேன் என்று வாசகர் கேட்கலாம். இந்த ஓசைக்கு நடுவே ஒரு முதியவரின் கதை இருக்கிறது, அதற்காகவே பேசவேண்டியிருக்கிறது.

படத்தின் முதற்காட்சியில் ஒரு கிழவர் கைத்தொலைபேசிக் கோபுரமொன்றின் மீதேறித் தூக்கிட்டுக்கொள்கிறார். பறவைகள் அவரைச் சுற்றி வட்டமிடுகின்றன. அவர் யார், ஏன் இறந்தார் என்பது பிற்பாதியிற்றான் தெரியவருகிறது. பட்சிராஜன் என்னும் அவர் பறவையியல் அறிஞர். தோற்றத்தில் இந்தியாவின் புகழ்பெற்ற பறவையியலாளர் சலீம் அலியை நினைவூட்டுபவர். தம்மிடம் அடைக்கலம் புகுந்த பறவைகள் ஒவ்வொன்றாக மடிவதைக் காண்கிறார். கோபுரங்களின் கதிர்வீச்சே காரணம் என்று நம்புகிறார். கம்பனிகளிடம் செல்கிறார், அமைச்சரிடம் செல்கிறார், நீதிமன்றப் படிகளில் ஏறுகிறார், பொதுமக்களிடம் கெஞ்சுகிறார். பறவைகள் பூச்சிகளை உண்ணாவிடின் பயிர் இல்லை, பயிர் இல்லையேல் மனிதன் இல்லை என்று விளக்குகிறார். எவரும் செவிமடுக்கவில்லை. கடைசியில் எந்தக் கோபுரத்தை எதிர்த்தாரோ அதன்மீதே உயிரை விடுகிறார்.

இப்பகுதியிலே படத்தின் நடை முற்றாக மாறிவிடுகிறது. கணிப்பொறி விந்தைகள் ஒதுங்கிக்கொள்ள, ஒரு மனிதனின் முகம் முன்னுக்கு வருகிறது. அக்சய் குமாரின் நடிப்பில் கூச்சலில்லை. நடந்து நடந்து சோர்ந்த கால்களும், கேட்பாரற்ற குரலின் தளர்ச்சியும் இருக்கின்றன. மரணித்த பறவைகளைக் கையில் ஏந்தி நிற்கும்போது அவர் வில்லனுமல்லர், கதாநாயகனுமல்லர், ஒரு மனுதாரர். ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் ஓடும் படத்தில் இது சிறுபகுதியே. எனினும் படம் முடிந்த பின் மனத்தில் நிற்பது இதுவே.

வன்னியில் வாழ்வோருக்கு இந்த மனுதாரரைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கையில் கோப்பும் படமும் ஏந்தி, ஒரு வாசலிலிருந்து மறுவாசலுக்கு நடக்கும் முதியோரை நாம் நாள்தோறும் அறிவோம். 2010ஆம் ஆண்டின் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முதலாக எத்தனையோ ஆணைக்குழுக்களின் முன்னிலையிலே, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் பெயர்களைத் தாய்மார் கூறினர். கூறியதையே மீண்டும் கூறினர். பின்னர் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்தனர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அவ்வாறே அமர்ந்தனர். அவர்களிற் பலர் விடை காணாமலே இறந்துபோயினர். சென்னைப் படப்பிடிப்புத் தளத்தில் இக்காட்சியை அமைத்தவர்கள் வன்னியை நினைத்து அமைத்தார்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் உண்மையான துயரத்தின் ஒரு சாயலைக் கலைஞன் பிடித்துவிட்டால், அது அவன் நினையாத ஊர்களிலும் அடையாளம் காணப்படும். இப்பகுதியின் வலிமையை இதனாலேயே நாம் ஒப்புக்கொள்கிறோம்.

இவ்வலிமையைப் படம் என்ன செய்கிறது என்பதே அடுத்த கேள்வி. இறந்த முதியவரின் உயிர், மாண்ட பறவைகளின் உயிர்களோடு சேர்ந்து ஒரு பேருருவம் கொள்கிறது. நகரத்தார் கைகளிலிருந்த தொலைபேசிகள் பறந்துபோகின்றன. தொலைபேசி வணிகரும் கோபுர முதலாளியும் அமைச்சரும் கொல்லப்படுகின்றனர். இதுவரையில் அவருடைய சினம் தன் இலக்கை அறிந்திருக்கிறது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கொலைஞரே என்ற தீர்ப்புக்கு அவர் வந்துவிடுகிறார். கதையின் அச்சு முறிவது இவ்விடத்திற்றான். அளவுமீறிக் கதிர்வீச்சைப் பெருக்கும் கம்பனிகளும், அதற்குக் கண்மூடி நின்ற ஆட்சியும் செய்த குற்றம், தொலைபேசியைக் கையில் வைத்திருக்கும் சாதாரண மனிதன்மேல் பங்கிடப்படுகிறது. எல்லோரும் குற்றவாளிகள் என்றால் எவரும் குற்றவாளியல்லர். முதலாளித்துவம் தன் பாவத்தைக் கழுவுவதற்கு இதைவிட இலகுவான உபாயம் இல்லை.

வன்னிக் கிராமமொன்றில் இருக்கும் தாயொருத்தியை நினைத்துப் பார்ப்போம். 2009இல் போர் முடிந்தபின் இப்பகுதியில் வீடுகள் எழுவதற்கு முன்னரே கோபுரங்கள் எழுந்த ஊர்கள் உண்டு. வெளிநாடு சென்ற மகனின் குரலை அவள் கேட்பது அந்தக் கைத்தொலைபேசியிற்றான். கடன் கொடுத்த கம்பனியின் அலுவலர் தவணைப் பணத்துக்காக அதட்டுவதும் அதே தொலைபேசியிற்றான். ஒரே கருவி அவளுக்கு உறவாகவும் தளையாகவும் இருக்கிறது. இந்த முரண்பாட்டைக் காணமுடியாத படம், அவளையும் கோபுர முதலாளியையும் ஒரே கூண்டில் ஏற்றிவிடுகிறது.

இனி விஞ்ஞானம். அறிவியற் கதை அறிவியலுக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்று வற்புறுத்துவது இரசிகத் தன்மையற்ற செயல். கற்பனைக்கு உரிமையுண்டு. ஆயினும் நிகழ்கால மக்களின் உடல்நலம் பற்றி ஒரு படம் பேசும்போது, அதன் கூற்றைச் சோதிக்கும் கடமை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உண்டு. தொலைபேசிக் கோபுரக் கதிர்வீச்சு அணுக்களைச் சிதைக்கும் வகையைச் சேர்ந்ததன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இதனைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்ற ஐயப்பாட்டு நிலையில் மாத்திரமே வைத்தது. இந்திய அரசு முன்னெச்சரிக்கையாக 2012இல் தன் கதிர்வீச்சு எல்லையை அனைத்துலக எல்லையின் பத்திலொன்றாகக் குறைத்தது. சிட்டுக்குருவிகள் குறைந்ததற்குக் கோபுரங்களே காரணம் என்பது நிறுவப்படவில்லை. கூடுகட்ட இடமின்மை, வயலில் தெளிக்கப்படும் நஞ்சு, குஞ்சுகளுக்கு இரையாகும் பூச்சிகளின் அழிவு என்பனவே வலுவான காரணங்களாகக் காட்டப்படுகின்றன. பூச்சிகொல்லிகள் பறவைகளுக்கு இழைக்கும் கேட்டை ரேச்சல் கார்சன் 1962ஆம் ஆண்டிலேயே உலகறிய எடுத்துக்காட்டினார். கோபுரங்கள் பறவைகளைக் கொல்வதும் உண்டு. ஆனால் வேறு வழியில். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆண்டுதோறும் சுமார் 68 இலட்சம் பறவைகள் உயர்ந்த தொடர்புக் கோபுரங்களிலும் அவற்றைத் தாங்கும் கம்பிகளிலும் மோதி இறக்கின்றன என்று 2012இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

பறவையின்றேல் பயிரில்லை என்று பட்சிராஜன் கூறுவது மட்டும் வரலாற்றால் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. 1958இல் சீனாவிலே தானியத்தைத் தின்னும் பகைவனென்று சிட்டுக்குருவி வேட்டையாடப்பட்டது. பூச்சிகள் பெருகின, பயிர் நாசமாயிற்று. பஞ்சத்தைப் பெருக்கிய காரணங்களுள் அதுவும் ஒன்றாகியது. 1960இல் அழிக்கவேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவி நீக்கப்பட்டது. மக்களின் பெயரால் ஆளும் அரசும் இயற்கையின் விதியை மீறமுடியாது என்ற இப்பாடத்தை முற்போக்காளராகிய நாம் கண்டுகொள்ளாமல் விடலாகாது.

ஆதாரமற்ற அச்சம் என்ன விளைக்கும் என்பதற்கும் அண்மைக்கால உதாரணங்கள் உண்டு. 2019இல் யாழ்ப்பாணத்தில் நாட்டப்பட்ட 'சிமார்ட்' விளக்குக் கம்பங்களைக் குறித்துக் கதிர்வீச்சுப் பீதி பரவியது. 2020இல் பிரித்தானியாவில் கொரோனா நோயைப் பரப்புகின்றன என்ற வதந்தியால் தொலைபேசிக் கோபுரங்களுக்குத் தீ வைத்தனர். யார் அனுமதித்தார்கள், எந்த உடன்படிக்கையின் கீழ் நாட்டினார்கள், வருமானம் யாருக்கு, ஊராரிடம் கேட்டார்களா என்ற நியாயமான கேள்விகள் இத்தகைய பீதியில் அடிபட்டுப் போகின்றன. பயந்த சனங்களை மூடர் என்று ஒதுக்கிவிட்டுக் கம்பனி தன் வேலையைப் பார்க்கிறது. '2.0' வெளியாகு முன்னரே இந்தியக் கைத்தொலைபேசிக் கம்பனிகளின் சங்கம் தணிக்கைச் சபையிடம் முறையிட்டது. படத்தின் விஞ்ஞானம் இன்னும் உறுதியாக இருந்திருப்பின் அம்முறையீட்டுக்கு இடமிருந்திராது.

இனி, முன்னர் குறிப்பிட்ட வன்னித் தொடர்பு. இப்படத்தைத் தயாரித்தது லைக்கா நிறுவனம். அதன் அதிபர் சுபாஸ்கரன் அல்லிராஜா முல்லைத்தீவிற் பிறந்தவர். வெளிநாடுகளில் வாழும் குடியேறிகள் குறைந்த கட்டணத்தில் தாயகத்தோடு பேசும் தொலைபேசிச் சேவையால் பெருஞ்செல்வம் திரட்டியவர். தொலைபேசியாற் பெற்ற பணம் தொலைபேசியைக் கண்டிக்கும் படமாகியிருக்கிறது! இதனைத் தனிமனிதர் ஒருவரின் முரண்பாடாக நாம் காணவில்லை. ஓர் ஊரின் நீரை உறிஞ்சும் கம்பனியைச் சாடிய 'கத்தி' படமும் 2014இல் இதே நிறுவனத்தின் தயாரிப்பாக வந்ததுதான். மூலதனம் தனக்கு எதிரான கண்டனத்தையும் நுழைவுச் சீட்டு வைத்து விற்கவல்லது. கண்டனம் ஓர் எல்லையைத் தாண்டாதிருக்கும்வரை அதற்கு நட்டமில்லை. அந்த எல்லை எதுவென்பதையே '2.0' நமக்குக் காட்டுகிறது: கம்பனியைப் பற்றிப் பேசத் தொடங்கிய கதை, கம்பனியை விட்டு, பேயைப் பற்றிய கதையாக மாறும் இடமே அந்த எல்லை.

அதே நிறுவனத்தின் ஞானம் அறக்கட்டளை வவுனியா மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோருக்கென 150 வீடுகள் கட்டியது. 2017 ஏப்ரலில் அவற்றைக் கையளிக்க ரஜினிகாந்த் வருவதாயிருந்தது. தமிழ்நாட்டுக் கட்சித் தலைவர்கள் சிலர் எதிர்த்தமையால் மார்ச் மாத இறுதியில் அப்பயணம் கைவிடப்பட்டது. அன்று பத்திரிகைகள் நடிகரின் வருகை பற்றியும் தலைவர்களின் அறிக்கைகள் பற்றியும் பக்கங்களை நிரப்பின. வீட்டுக்குக் காத்திருந்த மக்களின் கருத்தை அறிய முனைந்தவர் சிலரே. அவர்களுக்கு வீடு தேவை. அதனை எவர் கட்டினாலும் வாங்கிக்கொள்ளும் உரிமை அவர்களுக்குண்டு. ஆனால் போரால் வீடிழந்தவனுக்கு வீடு கட்டித்தருவது அரசின் கடன். அக்கடன் தனவந்தரின் தருமமாகவும் நட்சத்திரத்தின் விழாவாகவும் மாறும்போது, பெறுபவன் உரிமையாளன் என்ற நிலையிலிருந்து இறங்கி விழாவின் பார்வையாளனாகிவிடுகிறான். படத்திலே பட்சிராஜன் கேட்டதும் உரிமைதான். அங்கும் இறுதியில் அவருக்குக் கிடைப்பது அனுதாபம்.

இறுதிச் சண்டையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது சென்னை விளையாட்டரங்கொன்றில் நடக்கிறது. அரங்கு நிறைந்த மக்களைப் பட்சிராஜன் பணயமாக்குகிறார். அவரை மடக்க முடியாத நிலையில், '3.0' என்னும் சின்னஞ்சிறு இயந்திரங்கள் புறாக்களின் மீதேறிவந்து, அப்பறவைகளின் உயிரைப் பணயம் வைத்து அவரைத் தளரச் செய்கின்றன. ஒரு பக்கத்தில் மனிதர் பணயம், மறுபக்கத்தில் பறவைகள் பணயம். திரையரங்குகளில் இது கைதட்டலுக்கென அமைக்கப்பட்ட காட்சி. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களை வன்னியிற் கழித்தவருக்கு இக்காட்சியில் கைதட்ட எதுவும் இல்லை. இரு தரப்புக்கும் நடுவே அகப்பட்டவரின் பெயரை வெற்றிக்கதைகள் குறிப்பதில்லை என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவார்கள். இங்கும் அரங்கிலிருந்த மக்கள் கூட்டமாகவே வருகிறார்கள், கூட்டமாகவே மறைகிறார்கள். வென்றபின் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி வசீகரன், பட்சிராஜனின் நோக்கம் நல்லதென்றும் அவர் சென்ற வழிதான் தவறென்றும் பொருள்படப் பேசுகிறார். அழித்தபின் வழங்கப்படும் இந்த நற்சான்று எமக்குப் பழக்கமானதே. நோக்கம் நல்லதென்பது உயிரோடிருந்தபோது அவர் கொடுத்த மனுக்களிலேயே எழுதப்பட்டிருந்தது. அன்று அதனை வாசித்தவர் எவருமில்லை.

படம் காணத் தவறிய வழி எது? பட்சிராஜனோடு ஒரு சங்கமில்லை. அவர் மாணவர்கள் அவரோடு வீதிக்கு வரவில்லை. கோபுர நிழலில் வாழும் குடும்பங்கள் அவரோடு சேரவில்லை. தனிமனிதன் கெஞ்சுவான், அல்லது தற்கொலை செய்வான், அல்லது பேயாவான். இம்மூன்றுமன்றி நாலாவது வழியொன்று இருப்பதைச் சங்கரின் சினிமா என்றும் அறிந்ததில்லை. அவருடைய முந்திய படங்களிலும் ஊழலைத் தண்டிப்பவன் தனிமனிதனே. வன்னி மக்கள் நாலாவது வழியை அறிவார்கள். 2017 சனவரி இறுதியில் கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்பு மக்கள் படைமுகாம் வாயிலில் பிள்ளைகளோடு அமர்ந்தனர். இரவும் பகலும் அமர்ந்தனர். மார்ச் முதலாம் நாள் தம் காணியில் காலடி வைத்தனர். அது முழுமையான வெற்றியன்று. ஆயினும் எந்த இயந்திர மனிதனும் பெற்றுத்தராத வெற்றி.

பறவைகளைப் பற்றியும் வன்னிக்குச் சொந்தமான கேள்விகள் உள்ளன. சுண்டிக்குளம் 1938இலும் கொக்கிளாய் 1951இலும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டவை. சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. கடனீரேரிகளுக்குப் பருவந்தோறும் வலசை வரும் பறவைகள் எம் விருந்தினர். ஆனால் மக்கள் இடம்பெயர்ந்த காலத்திற் காடு மூடிய குடிநிலங்கள் பின்னர் திணைக்களங்களின் எல்லைக்கற்களுக்குள் அகப்பட்டன என்ற முறைப்பாடு இம்மாவட்டங்களில் ஓயவில்லை. பறவைக்கும் மனிதனுக்கும் பகையென்று காட்டுவது அதிகாரத்துக்கு வசதியானது. நாரை இரைதேடும் அதே சேற்றிலே உழவனும் நாற்று நடுகிறான். இருவரையும் ஒரே நஞ்சு தாக்குகிறது. இவ்வுறவைக் காட்டும் படமே பறவைகளுக்கான படமாகும்.

எனவே '2.0' பற்றிய எமது முடிவு இது. மொத்தத்தில் இது குறைபட்ட படம். அதன் குறைகள் தொழில்நுட்பத்தில் இல்லை, பார்வையில் உள்ளன. ஆயினும் ஒரு முதியவரின் முறையீட்டைச் சிறிது நேரமேனும் கோடிக்கணக்கான மக்களின் கண்முன் நிறுத்தியமைக்காக, வெறும் பொழுதுபோக்கென்று இதனைத் தள்ளிவிடலாகாது. ஆசிரியர்கள் தம் மாணவரோடு இதனைப் பார்க்கலாம். பார்த்தபின், இந்த மனு எந்த மேசையில் தடைப்பட்டது, கோபுரத்தை எழுப்பியவர் யார், அதனாற் பயன்பெறுபவர் யார், அந்தக் கிழவரோடு நாம் நின்றிருந்தால் கதை எவ்வாறு முடிந்திருக்கும் என்று கேட்கலாம். இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய மாணவன், இப்படத்துக்கு மூன்றாம் பாகம் வரும்போது நுழைவுச் சீட்டை மட்டும் கையில் கொண்டு போகமாட்டான்.